மருந்துச் சட்டை

போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற எந்தப் பெண்ணும், சேலைக்கு மேல் புருசனுடைய முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டாமல் ஜீப்பில் ஏறமாட்டாள். செடிக்கு அடியில் குனிந்து, தரையோடு கிடக்கிற சரத்தில் காய் எடுக்கிற வேலை அது. மேலே இலை கையைக் கீறும், கீழே அட்டை ஏறும், நடுவில் சாரல் முதுகை நனைக்கும். இத்தனைக்கும் ஒரே காவல் அந்தச் சட்டைதான். புதுப்பெண் ஒருத்தி மலைக்கு வந்தால் மற்றவர்கள் முதலில் அவள் சட்டையைத்தான் பார்ப்பார்கள். நல்ல சட்டையாக இருந்தால் கட்டினவன் பிரியமானவன். தாலி அறுத்தவளும் செத்தவன் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருவாள். 'ஆள் போனாலும் சட்டை மலையேறும்' என்று ஜீப்புக்குள் ஒரு பேச்சு உண்டு. ஊரில் இது தெரியாதவர்கள் யாருமில்லை. வகுப்பு எடுக்க வந்தவர்களுக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை, அவர்களும் கேட்கவில்லை.

வகுப்பு நடந்தது ஆடி மாதத்தில், மலைரோட்டை ஒட்டி ஜீப்புகள் நிற்கிற இடத்தில். எடுத்தவள் சிவரஞ்சனி. தேனிப் பக்கம் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறவள். குறை சொல்ல முடியாத பெண். விடிகிற நேரத்துக்குத்தான் மலைவேலைக்குப் போகிறவர்கள் கையில் கிடைப்பார்கள் என்று தெரிந்து, இருட்டோடு ஸ்கூட்டியில் வந்து நிற்பாள். ஏலக்காட்டில் அடிக்கிற பூச்சிமருந்தால் ஆட்களுக்கு வருகிற கேட்டைக் குறைக்க வேண்டும், அதற்கு யாரிடம் பேசினால் பலன் கூடுதல் என்று அவர்கள் அலுவலகத்தில் பலநாள் உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். யோசித்து, மருந்தடிக்கிற ஆண்களிடம் பேசுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள். யார் கேட்டாலும் சரிதானே என்றுதான் சொல்லியிருப்பார்கள். மருந்து அடிப்பது ஆண்கள்தான்.

"அண்ணே, மருந்துக்குன்னு ஒரு சட்டை தனியா வச்சுக்கங்க" என்றாள் சிவரஞ்சனி. "அடிச்சு முடிச்சதும் அங்கயே கழட்டி, இந்தக் கவர்ல போட்டு முடிச்சுப் போட்ருங்க. மாத்துச் சட்டையோட வீட்டுக்கு வாங்க. மருந்து வாய் வழியா மட்டும் போறதில்ல. தோல் வழியாவும் ஏறும்."

சொன்னதோடு, வந்த ஆண்களுக்கெல்லாம் ஆளுக்கொரு சட்டையும் கொடுத்தாள். கெட்டித் துணியில், கழுத்து வரைக்கும் பொத்தான் வைத்த நீலச் சட்டை.

ஜீப்பின் பின்பக்கம் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாளுக்கு அது பொறுக்கவில்லை. அவள் வாய்க்குப் பயந்து கங்காணியே சுற்றிப் போவார்.

"ஏத்தா, ஆம்பளைகளுக்கு மட்டுந்தேன் சட்டையா? நாங்கள்லாம் மனுச சென்மம் இல்லையா?"

"அம்மா, நீங்க மருந்து அடிக்கிறதில்லையே" என்று சிரித்தாள் சிவரஞ்சனி. "உங்களுக்கு வேற வகுப்பு இருக்கு. ரத்தசோகைக்கு. தை மாசத்துக்கு மேல வர்றேன்."

"தைக்கா? உசுரோட கெடந்தா பாப்போம்த்தா."

ஜீப் முழுக்கச் சிரித்தது. ஒச்சம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்லக்கிளியும் சிரித்தாள்.

வகுப்பில் முதல் மாணவன் செல்லக்கிளியின் புருசன் சின்ராசு. மருந்தடிப்பதில் கைதேர்ந்தவன். மோட்டாரை ஓட்டவிட்டு, ரப்பர் ஓஸைத் தோளில் போட்டு, சரிவில் ஏறி இறங்கி, ஒரு செடி விடாமல் நனைத்துவிடுவான். சாயந்தரம் வீட்டுக்கு வந்தால் தலையைப் பிடித்துக்கொண்டு படுப்பான். சில நாள் வாந்தி. அப்போதெல்லாம் அவனை வாசல்படியிலேயே நிறுத்தி, சட்டையை உரித்து, சோப்புத்தண்ணியில் முக்கிவிட்டுத்தான் உள்ளே விடுவாள் செல்லக்கிளி. அந்த நாற்றத்தோடு வீட்டில் சோறு இறங்காது.

வகுப்புக்கு அப்புறம் எல்லாம் மாறியது. சொன்னதைச் சொன்னபடி செய்தான். நீலச் சட்டையோடு அடித்தான், காட்டிலேயே கழற்றினான், கவரில் போட்டு முடிச்சுப் போட்டான். வெள்ளைச் சட்டையோடு மாப்பிள்ளை மாதிரி வீட்டுக்கு வந்து, கவரைக் கொல்லைச் சுவரில் இருந்த ஆணியில் மாட்டினான். தலைவலி போயிற்று. கருவாட்டுக் குழம்பை இரண்டாம் தரம் ஊற்றச் சொன்னான். பிளஸ் டூ படிக்கிற மகள் அனுசியா, "அப்பா இப்பத்தேன் நம்ம வீட்டு ஆளு மாதிரி மணக்குறாரு" என்றாள். வகுப்பு பலித்துவிட்டது என்று சிவரஞ்சனி அவனைப் போட்டோகூட எடுத்துக்கொண்டு போனாள்.

ஒன்று மட்டும் விட்டுப்போயிற்று. முடிச்சுப் போட்ட கவரிலிருந்து நாற்றம் வரவில்லை. நாற்றம் வராத சட்டையைத் துவைக்க வேண்டும் என்று யாருக்கும் நினைப்பு வரவில்லை. குழாயில் தண்ணீர் வருவதே வாரத்துக்கு ஒருதரம். அதில் குடிக்கப் பிடிப்பார்களா, ஆணியில் தொங்குகிற சட்டையைத் துவைப்பார்களா?

ஆவணியில் ஒரு காலை. சாரல் பிடித்திருந்தது. செல்லக்கிளி தூக்குவாளியில் சோற்றை அடைத்து மேலே துவையலை வைத்து மூடிக்கொண்டே கேட்டாள்.

"மாமா, இன்னைக்கு உங்களுக்கு மருந்தா?"

"இல்ல, கவாத்து வெட்டு. மருந்து நாளைக்கு."

"அப்ப அந்த நீலச் சட்டையை நான் போட்டுட்டுப் போறேன். என் சட்டை முழங்கையில கிழிஞ்சு போச்சு. அட்டை உள்ள பூந்துருது."

சின்ராசு பல் விளக்குவதை நிறுத்தினான். "அது மருந்து பட்ட சட்டைல்ல?"

"காஞ்சிருக்கு மாமா. தோட்டத்துல இலை காஞ்சதும் எங்களைக் காய் எடுக்க எறக்கி விடுறாகல்ல? அங்க என்ன ஆகிப்போச்சு?"

அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மருந்தடித்த இடத்தில் இலை ஈரமாக இருந்தால் பெண்களை இறக்கக்கூடாது, காய்ந்துவிட்டால் இறக்கலாம். தோட்டத்தில் எழுதாத சட்டம் அது. இலைக்கு ஒரு நியாயம், சட்டைக்கு ஒரு நியாயமா? அதோடு வகுப்பில் சொன்னதெல்லாம் அடிக்கிறவர்களுக்கு. அவள் என்ன, ஓஸ் பிடிக்கவா போகிறாள்?

கவரை அவிழ்த்துச் சட்டையை எடுத்து உதறியவன் சின்ராசுதான். அவளுக்குப் போட்டுவிட்டு, கழுத்துப் பொத்தானையும் அவனே மாட்டினான்.

"மேல வரைக்கும் போட்டுக்க கிளி. கூதக்காத்து அடிக்கும்."

"ரொம்பத்தேன்" என்று வெட்கப்பட்டாள் அவள். கல்யாணமாகி இருபது வருசத்துக்கு அப்புறம் வந்த வெட்கம்.

ஜீப்பில் அவள் சட்டையை எல்லாரும் தொட்டுப் பார்த்தார்கள். துணி கெட்டி, அட்டை கடிக்காது, சாரல் சட்டென்று இறங்காது. ஒச்சம்மாள் வீட்டிலும் அதே சட்டை ஆணியில் சும்மா தொங்கியது. மொக்கம்மாள் வீட்டிலும், அய்யம்மாள் வீட்டிலும் தொங்கியது. புரட்டாசி பிறப்பதற்குள் ஜீப்பில் பாதி நீலம். டிரைவர் காமராஜ் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான்.

"என்னத்தா, கான்வென்ட்டுப் பிள்ளைக மாதிரி எல்லாரும் ஒரே யூனிபாரம்? பீசு கட்டியாச்சா?"

"உங்க வாத்தியாரம்மாதேன் தைக்கு வர்றேன்னுட்டாளே. நாங்களா சேந்துக்கிட்டோம்" என்றாள் ஒச்சம்மாள்.

அந்த ஜீப்பில் மலை ஏறும்போது வாந்தி எடுப்பது புதிதாக வருகிறவர்கள் மட்டும்தான். புரட்டாசியில் பழைய ஆட்களே எடுக்க ஆரம்பித்தார்கள். மாலையில், இறங்கும்போது. வண்டியில் எண்ணெய் வாடை என்று காமராஜைத் திட்டினார்கள். அவன் வண்டியைக் கழுவிப் பத்தி கொளுத்தி வைத்தான். ஒச்சம்மாளுக்குச் சும்மா இருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வடிந்தது. "வெளியூர்ல கெடக்குற எம்மகன் நெனப்பு போல, தன்னால வருது" என்று கேலி பேசிக்கொண்டே துடைத்தாள். மழைத்தண்ணி, வேர்வை, மூக்குச்சளி எல்லாவற்றையும் அவர்கள் துடைப்பது சட்டைக் கையில்தான். சோறு தின்ற கையையும் அதில்தான்.

செல்லக்கிளிக்குத்தான் எல்லாரையும்விட மோசம். டீ டம்ளரைப் பிடித்தால் கை ஆடியது. அரிசியில் கல் பொறுக்கக் கண் தெரியவில்லை. சாரல் காற்றிலும் வேர்த்தது. காலையில் எழுந்தால் தலையணை எச்சிலில் நனைந்து கிடந்தது. அனுசியாவுக்குப் பயம் வந்துவிட்டது.

"யப்பா, அம்மாவைப் பெரிய டாக்டர்ட்ட காட்டுங்கப்பா. வாய்ல எச்சி ஊறிக்கிட்டே இருக்குது. பேசும்போதே வழியுது."

"ஊசி போட்டாச்சுல்லத்தா. உடம்புல சத்து இல்லைன்னு குளுக்கோசும் ஏத்துனாகள்ல."

"வீட்டுல ரெண்டு நாள் இருந்தா நல்லா இருக்காக. மலைக்குப் போய்ட்டு வந்தா திரும்பவும் அப்படியே ஆயிருது."

பிள்ளை சொன்னது சரி. ஒச்சம்மாளும் அதைக் கவனித்திருந்தாள். ஆனால் அவள் கண்டுபிடித்த காரணம் வேறு.

"ஏப்பா சின்ராசு, மலையடி முந்தல் தாண்டிப் போகையில என்னமோ தொட்டிருக்குப்பா. இல்லைன்னா மலையேறுனா சாயுறதும் கீழ எறங்குனா எந்திரிக்கிறதுமா, இதென்ன சீக்கு? வெள்ளிக்கிழமை ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டு. நானும் ஒண்ணு கட்டிக்கிறேன். எனக்கும் மேலுக்கு ஒரு மாதிரியாத்தேன் இருக்கு."

கயிறு கட்டினார்கள். சிவப்புக் கயிறு. நீலச் சட்டையின் கைக்குள்ளே அது பத்திரமாக இருந்தது.

"பேசாம நீ கொஞ்ச நாளைக்கு நின்னுக்க கிளி" என்றான் சின்ராசு.

"காய் எடுப்பு முடியட்டும் மாமா. இப்ப நின்னா கங்காணி வேற ஆளை ஏத்திருவாரு. பெறகு நம்மளைக் கூப்புடுவாரா? ஐப்பசி போகட்டும், நின்னுக்கிறேன்."

ஐப்பசி வரைக்கும் போகவில்லை.

புரட்டாசிக் கடைசியில், மருந்தடித்துக்கொண்டிருந்தபோது ஓஸ் மூட்டுக் கழன்று சின்ராசு மேலேயே அடித்துவிட்டது. நெஞ்சும் முதுகும் நனைந்தன. படித்த பாடம் கைகொடுத்தது. உடனே சட்டையைக் கழற்றினான், ஓடையில் இறங்கி உடம்பைக் கழுவினான், சட்டையை ஈரத்தோடு கவரில் போட்டு இறுக்கி முடிச்சிட்டான். வீட்டுக்கு வந்து அதே ஆணியில் மாட்டினான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் வேறு தோட்டத்தில் அவசர வேலை என்று முதல் ஜீப்பிலேயே போய்விட்டான்.

செல்லக்கிளி கிளம்பும்போது மழை. கவரை அவிழ்த்துச் சட்டையை எடுத்தாள்.

"ஈரமா இருக்கேம்மா" என்றாள் அனுசியா. "நாத்தம் வேற அடிக்குது."

"மழைல எப்படியும் நனையத்தான போகுது. நீ கஞ்சியைக் குடிச்சிட்டு வெரசாப் பள்ளிக்கூடத்துக்குக் கெளம்பு."

காய்ந்தால் போடலாம் என்று தொடங்கியது இந்தச் சோலி. போட்டுப் போட்டுப் பழகியதில் அந்தச் சொல் எப்போதோ தேய்ந்துபோயிருந்தது.

உச்சிப்பொழுதுக்கு முன்னாலேயே சின்ராசைக் கூப்பிட ஆள் ஓடிவந்தான். அவன் போய்ச் சேர்ந்தபோது, செல்லக்கிளி செடிகளுக்கு நடுவே ஒருக்களித்துக் கிடந்தாள். வாயில் நுரை. கெண்டைச்சதை தனியாகத் துடித்தது. கூடையிலிருந்து சிந்திய பச்சைக்காய் அவளைச் சுற்றிக் கிடந்தது. மலையாளத்துக் கங்காணி பெண்களைப் பார்த்து, "மதி, போதும், கூட்டம் கூடண்டா, காத்து விடு" என்று கத்திக்கொண்டிருந்தார்.

காமராஜ் ஜீப்பைக் கொண்டுவந்தான். பின்சீட்டில் அவளை மடியில் போட்டுக்கொண்டான் சின்ராசு. ஒச்சம்மாள் காலைப் பிடித்துக்கொண்டாள். மலை உச்சி மெட்டிலிருந்து கீழே ஒவ்வொரு வளைவிலும் செல்லக்கிளியின் உடம்பு தூக்கிப் போட்டது.

"நடுங்குறாளே அக்கா. குளிருது போல."

"சட்டையை இழுத்து மூடுப்பா. மேப்பொத்தானைப் போடு."

திறந்திருந்த மேல்பொத்தானை அவன் மாட்டினான். மாட்டிவிட்டு, ஈரச் சட்டையோடு அவளை நெஞ்சோடு இறுக்கிக் கட்டிக்கொண்டான். அவ்வளவு பிரியத்தையும் வைத்துத்தான் அதைச் செய்தான்.

தேனி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா டார்ச்சை அடித்துக் கண்ணைப் பார்த்தாள். கண்மணி கடுகாய்ச் சுருங்கியிருந்தது.

"என்ன மருந்து குடிச்சாங்க?"

"மருந்தா? குடிக்கலம்மா. காய் எடுத்துக்கிட்டு இருந்தவ விழுந்துட்டா."

"மொதல்ல எல்லாரும் இப்படித்தான் சொல்லுவீங்க. வீட்ல சண்டையா?"

"சத்தியமா இல்லம்மா."

"டப்பா கிடைச்சா கொண்டாங்க. என்ன மருந்துன்னு தெரிஞ்சாத்தான் வெரசாப் பாக்க முடியும்."

உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கேள்வி மட்டும் வெளியே நின்றது. ஒச்சம்மாள் அவனை ஒருமாதிரி பார்த்தாள். நகர்ந்துபோய்க் காமராஜ் பக்கத்தில் நின்றாள். இரண்டு பேரும் ஜீப்பில் ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களுக்கு முன்னாலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. செல்லக்கிளி மருந்தைக் குடித்துவிட்டாளாம்.

பொழுது சாய்கிற நேரத்துக்கு அவள் அண்ணன் மொக்கையன் பொட்டிபுரத்திலிருந்து வந்தான். வந்த வேகத்தில் சின்ராசின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"எந்தங்கச்சியை என்னடா செஞ்ச?"

"மச்சான், நான் ஒண்ணும் செய்யல மச்சான்."

"ஒண்ணும் செய்யாமயா மருந்தைக் குடிச்சா? உங்கையில இருக்குற மருந்து அவ வாய்க்கு எப்படி வந்துச்சு? சொல்றா."

அறை விழுந்தது. சின்ராசு தடுக்கவில்லை. ஒருவேளை குடித்துத்தான் இருப்பாளோ என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. தனக்குத் தெரியாமல் அவளுக்கு என்ன குறை, என்றைக்கு என்ன சொன்னோம் என்று துழாவினான். ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

கதவு திறந்தது. கையுறை போட்ட நர்ஸம்மா ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள்.

"செல்லக்கிளி வீட்டுக்காரர் யாரு?"

"நாந்தேம்மா."

"வயித்துல இருந்து எடுத்த தண்ணியில மருந்து வாசமே இல்ல. இந்தச் சட்டையிலதான் ஆளைத் தூக்குது. கத்திரி வச்சு வெட்டித்தான் எடுத்தோம். உடம்பு பூராக் கழுவியிருக்கோம். இது யாரு சட்டை?"

சின்ராசு கவரைப் பார்த்தான். நீலம்.

"எஞ்சட்டை."

"நீங்க மருந்தடிக்கிறவரா? இதையா போட்டுவிட்டீங்க? தோல் வழியா ஏறியிருக்கு. இன்னைக்கு மட்டும் இல்ல, பல நாளாவே ஏறியிருக்கும்னு டாக்டர் சொல்றாரு. மூச்சுக்குக் குழாய் வச்சிருக்கோம். ரெண்டு நாள் தாண்டணும், அப்புறந்தான் எதுவும் சொல்ல முடியும்."

மொக்கையனின் கை தானாக இறங்கியது. சின்ராசு சுவரோடு சரிந்து உட்கார்ந்தான். தோல் வழியாக ஏறும். வகுப்பில் சிவரஞ்சனி திருப்பிக் கேட்டபோது முதலில் எழுந்து பதில் சொன்னவன் அவன்தான். கைகூடத் தட்டினார்கள். தன் தோலைப் பற்றிய பேச்சு என்றே அதை அவன் கேட்டிருந்தான். தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான்.

அழுகை ஓய்ந்ததும் சிவரஞ்சனிக்குப் போன் போட்டான். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

"நீங்க சொன்னபடிதேன் எல்லாம் செஞ்சேன் தாயி. கவர்லதேன் போட்டேன். ஆணியிலதேன் மாட்டுனேன். அவ எடுத்துப் போட்டுக்கிட்டா."

சிவரஞ்சனி மெல்லக் கேட்டாள்.

"அண்ணே… செல்லக்கிளியக்கா மட்டுந்தான் போட்டாங்களா? நாங்க மருந்து யாரு கையில இருக்குன்னுதான் பாத்தோம். வீட்டுக்கு வந்த சட்டை எங்க போகுதுன்னு கேக்கவே இல்லண்ணே. வேற யாரும் போடுறாங்களா?"

"தெரியலயே தாயி" என்றான். அப்போது அவன் மனசில் செல்லக்கிளியைத் தவிர யாருமில்லை.

மொக்கையனை ஆஸ்பத்திரியில் இருத்திவிட்டு, மாற்றுச்சேலை எடுத்து வரவும் அனுசியாவைக் கூட்டி வரவும் விடிகாலை பஸ்ஸில் போடிக்கு வந்தான். வெட்டிய சட்டை இருந்த கவரை எங்கே போடுவது என்று தெரியாமல், பாடத்தில் சொன்னபடி முடிச்சுப் போட்டுக் கையிலேயே வைத்திருந்தான். மழை தூறிக்கொண்டிருந்தது. ஜீப்பில் பெண்கள் ஏறி முடித்திருந்தார்கள். காமராஜ் விளக்கைப் போட்டான்.

சின்ராசு பார்த்தான். ஒச்சம்மாள், மொக்கம்மாள், அய்யம்மாள், பின்னால் நெருக்கி உட்கார்ந்திருந்தவர்கள், கம்பியைப் பிடித்துத் தொற்றிக்கொண்டிருந்த புதுப்பெண். எல்லாரும் நீலம்.

"ஆத்தா!" என்று கத்திக்கொண்டு ஓடினான். "கழட்டுங்க ஆத்தா! எல்லாரும் சட்டையைக் கழட்டுங்க! வேணாம்!"

ஒச்சம்மாள் வெடித்தாள்.

"தூ! பொண்டாட்டியை மருந்தைக் குடிக்க வச்சுட்டு, விடியிறதுக்குள்ள நீ குடிச்சிட்டு வந்து பொம்பளைகளைச் சட்டையைக் கழட்டச் சொல்றியா? நீயெல்லாம் ஒரு மனுசனா?"

"அக்கா, அவ குடிக்கலக்கா. சட்டைக்கா. இந்தச் சட்டைதேன்." கவரைத் தூக்கிக் காட்டினான். இறுக்கிப் போட்ட முடிச்சு அவிழவில்லை.

"வண்டியை எடு காமராசு. இவன் மூஞ்சியில முழிச்சா வெளங்குமா?"

"டேய் காமராசு, எடுக்காதடா! டேய்!"

காமராஜ் ஒரு நொடி தயங்கினான். மெட்டுக்கு நேரமாகிவிட்டது, பெண்கள் ஆளாளுக்குக் கத்தினார்கள், எதிரே நிற்கிறவன் பெண்டாட்டியைச் சாகக் கொடுக்கப் பார்த்தவன். ஒதுக்கி எடுத்துக்கொண்டு போனான். சின்ராசு பின்கம்பியைப் பிடித்துக் கொஞ்ச தூரம் ஓடினான். பிடி வழுக்கிச் சேற்றில் விழுந்தான். விழுந்த இடத்திலிருந்தே காமராஜுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டேயிருந்தது. மறுபடி போட்டபோது தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. முந்தலைத் தாண்டினால் டவர் கிடையாது.

அதற்கு முன்னால், ஜீப் வளைவில் திரும்பும்போது, ஒச்சம்மாள் அவனைப் பார்த்து இன்னும் ஏதோ வைதுகொண்டிருந்தாள். வைதுகொண்டே, வழிந்த கண்ணையும் வாயையும் நீலச் சட்டையின் கையால் அழுத்தித் துடைத்தாள்.